காற்றை எண்ணும் சாமானுக்குப் பொட்டு

எனக்கு எழுத வராது. ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மகனுடைய ரிப்போர்ட் கார்டில் போட்ட கையெழுத்துதான். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னால் நடந்தது பின்னாலும், பின்னால் நடந்தது முன்னாலும் வரலாம். படிப்பவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நான் எழுதப் போகிறவர் ஒரு கார் மெக்கானிக். பெயரைப் போடவில்லை. போட்டால் அவருக்குக் கூச்சமாக இருக்கும், எனக்கு அதைவிடக் கூச்சம்.

ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் ஒரு ஜிங்க் கொட்டகை இருக்கிறது. முன்பு என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தபோது பழைய டயர், பெயிண்ட் டின் எல்லாம் அங்கேதான் போட்டு வைப்பார். அதைத்தான் இவர் வாடகைக்கு எடுத்தார். வயது நாற்பதுக்கு மேல், தனி ஆள். கிறிஸ்துவர். பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறையில் ஒரு ஃபேக்டரியில் மெசின் பார்க்கும் வேலையில் இருந்தவர். ஏன் விட்டீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன்.

"மெசின் நின்னுபோச்சுக்கா. என்னாலதான்."

அவ்வளவுதான் சொன்னார். அப்போது நான் நம்பிவிட்டேன். இப்போது நினைத்தால், அங்கே யாருடைய தவறை இவர் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாரோ என்று தோன்றுகிறது.

அவர் சுபாவம் அப்படி. எது கெட்டுப்போனாலும் அதில் தன்னுடைய பங்கு எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து, அதை எடுத்து எல்லோர் முன்னாலும் காட்டுவார். மற்றவர் பங்கு அதற்குப் பின்னால் மறைந்துபோகும். பொய் சொல்ல மாட்டார். அவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் முழு உண்மையாக இருக்காது.

ஒரு நாள் மத்தியானம் அவருக்கும் சேர்த்து மீன் கறி கொடுத்தேன். உப்பு கரித்தது. நான் வாயில் வைத்துப் பார்க்கவே இல்லை. அவர் முழுவதும் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார். ராத்திரி நாங்கள் சாப்பிடும்போதுதான் எனக்குத் தெரிந்தது. மறுநாள் தலையைக் குனிந்துகொண்டு, "கறி ரொம்ப உப்பா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"நான்தான்க்கா லேட்டா சாப்பிட்டேன். வத்திப்போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. தட்டில் போட்ட கறி எங்கே வற்றும்?

பக்கத்து வீட்டுச் சீனக் கிழவருக்குச் சத்தம் ஆகாது. என் மகன் வேலை முடிந்து வந்து காரை முடுக்கிவிட்டுக்கொண்டே நிற்பான். கிழவர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தகரத்தைத் தட்டுவார். இவர் உடனே ஒரு பை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய், சத்தம் தன்னால்தான் என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவார். மகன் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருப்பான்.

மகனுக்கும் அது பழகிப்போனது. ஒரு தடவை காரை பசார் பக்கம் கொண்டுபோய் டிவைடரில் உரசிவிட்டு வந்தான். "அண்ணே, ஸ்டியரிங் கொஞ்சம் இழுக்குது போல" என்றான். இவர் குனிந்து டயரைப் பார்த்தார். "காத்து நான் கொஞ்சம் கூட அடிச்சிட்டேன் தம்பி" என்றார். மகன் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டான். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் முகம் சூடானது.

என் வீட்டுக்காரர் அதை வைத்து அவரைக் கேலி செய்வார். "இவனுக்கு மாதா கோயில்ல என் பாவமே, என் பாவமேன்னு நெஞ்சுல தட்டிக்கிற பழக்கம்லா. கொட்டாயிலயும் தட்டிக்கிறான்." இவர் காதுபடத்தான் சொல்வார். இவரும் சிரித்துக்கொண்டே ஸ்பேனரைத் துடைப்பார்.

இனி கார் விஷயம். இதில்தான் எனக்குத் தப்பு வரும்.

என் மகனுடைய கார் சாதாரணமாகப் பார்த்தால் பழைய கார்தான். உள்ளே ஜப்பானிலிருந்து வந்த டர்போ எஞ்சினைத் தூக்கி வைத்திருந்தான். அதுவும் பற்றாது என்று டர்போவையும் பெரிதாக மாற்றினான். அதன் பிறகு வண்டி கொஞ்சம் வேகம் பிடித்தால் திக்கித் திணறியது. இவர் பார்த்துவிட்டு, காற்றை எண்ணுகிற சாமானை மாற்ற வேண்டும், கம்ப்யூட்டரையும் மாற்ற வேண்டும் என்றார். ஏர்ஃப்ளோ சென்சார் என்று சொன்னார். எனக்கு அது வாயில் நுழையவில்லை என்று தெரிந்து, பின்கட்டில் நான் அரிசி களைந்துகொண்டிருந்த இடத்துக்கே வந்து சொன்னார்.

"அக்கா, நீங்க அரிசிய அளந்துட்டுத்தானே தண்ணி வைப்பீங்க. எஞ்சினுக்குக் காத்துதான் அரிசி, பெட்ரோல்தான் தண்ணி. இந்தச் சாமான் அளந்து சொல்லும், கம்ப்யூட்டர் ஊத்தும். இப்ப டர்போ பெருசு. காத்து நாலு படி வருது. பழைய சாமானுக்கு மூணு படிக்கு மேல எண்ணத் தெரியாது. மூணுன்னே சொல்லும். தண்ணி பத்தாம சோறு அடிப்பிடிக்கும்."

"பிடிச்சா?"

"எஞ்சின் போயிடும்."

அப்படி எனக்கு யாரும் பொறுமையாக ஒன்றைச் சொல்லித் தந்ததில்லை. வீட்டில் எதைக் கேட்டாலும் "உனக்கு ஒண்ணும் புரியாது" என்பதுதான் பதில்.

அந்தச் சாமானைக் கையில் கொடுத்துக் காட்டினார். ஒரு பெரிய குழாய். நடுவில் மூக்கு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குள்ளே தலைமுடியைவிட மெல்லிய கம்பி. அந்தக் கம்பி சூடாகவே இருக்குமாம். காற்று போகப் போக ஆறுமாம். எவ்வளவு ஆறுகிறது என்று பார்த்து, எவ்வளவு காற்று போனது என்று கம்ப்யூட்டர் தெரிந்துகொள்ளுமாம். "இதுமேல ஒரு தூசி ஒட்டிக்கிட்டாலும் கணக்கு மாறிடும்க்கா" என்று சொல்லி, துணியில் சுற்றி வைத்தார்.

ஃபேக்டரியில் வேலையை விட்டபோது வந்த பணத்தையெல்லாம் அந்தக் கொட்டகையில்தான் போட்டிருந்தார். காரை இப்படி வேகமாக்குகிற வேலைக்கு வருகிறவர்கள் எல்லாம் ஒருவரை ஒருவர் தெரிந்த பையன்கள். ஒருவன் காரைப் பார்த்துத்தான் அடுத்தவன் வருவான். "தம்பியோட இந்தக் காடி நல்லா ஓடுனா போதும்க்கா. இதுதான் எனக்கு போர்டு" என்றார். கொட்டகைக்கு வெளியே அவர் பெயர்ப்பலகை எதுவும் மாட்டவில்லை.

அந்த வாரத்தில் ஆயுத பூஜை வந்தது.

என் வீட்டுக்காரர் பூஜையை விட்டுக்கொடுக்க மாட்டார். பஸ் ஓட்டிய காலத்தில் ஸ்டியரிங், ஹெட்லைட், டிக்கெட் பை ஒன்றையும் விடாமல் பொட்டு வைப்பார். அந்த வருஷம் கொட்டகையிலும் வைக்க வேண்டும் என்றார். இவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. தரையைக் கழுவி, ஸ்பேனர்களை வரிசையாக வைத்து, லேப்டாப்பையும் வைத்து, அந்தப் புதுச் சாமானையும் துணியோடு வைத்தார். என் வீட்டுக்காரர் துணியைப் பிரித்தார்.

"முகம் இருக்கிற சாமானுக்கு முகத்துலதான் வைக்கணும்" என்றார். ஈரச் சந்தனத்தைக் கட்டை விரலில் எடுத்து, குழாய்க்குள்ளே விட்டு, அந்த மூக்கிலேயே அழுத்தி வைத்தார். அதன்மேல் குங்குமமும் வைத்தார்.

இவருக்கு வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. கைகூப்பி நின்றார். பெரியவர்கள் ஒன்று செய்யும்போது வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனிதர்.

சுண்டல் கொடுத்து முடித்ததும் இவர் ஒரு ஓரமாகப் போய், அந்தச் சாமானுக்குள் எதையோ ஸ்பிரே அடித்து, வாயால் ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடியும் ஊதினார். "கொஞ்சம் காயட்டும் அண்ணே, நாளைக்கு மாட்டிக்கலாம்" என்றார்.

"நல்ல நேரம் முடியப் போகுது. பூஜை போட்ட கையோட மாட்டு தம்பி."

மாட்டினார்.

அடுத்த சில நாள் மகன் ஓட்ட, இவர் பக்கத்தில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று கார் கம்ப்யூட்டருக்குக் கணக்குப் போட்டபடி, மலையடிவாரம் வரை போவதும் வருவதுமாக இருந்தார்கள். கணக்கு சரியாக வந்துவிட்டது என்றார்கள். கார் அருமையாக ஓடியது. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. கொட்டகையைப் பார்க்க இரண்டு மூன்று பையன்களும் வந்து போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் நிபோங் திபாலில் மகனுக்குப் பெண் அமைந்தது. பேசி முடிக்க எங்களை வரச் சொன்னார்கள். மகன் அந்தக் காரில்தான் போவேன் என்றான். முதல் நீண்ட ஓட்டம் என்பதால் இவரையும் கூட்டிக்கொண்டான். இவர் வெள்ளைச் சட்டை போட்டு, ஷூவைப் பளபளவென்று துடைத்துக்கொண்டு, முன் சீட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்தார். பின்னால் நாங்கள் இருவரும் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அந்தக் காரின் சத்தத்துக்குப் பக்கத்து லோரிக்காரன்கூட எட்டிப் பார்த்தான். நான் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

பாலத்தைத் தாண்டி கொஞ்ச தூரம் போயிருப்போம். இவர் லேப்டாப்பையே உற்றுப் பார்த்தார்.

"தம்பி, கால எடு. நிறுத்திப் பாத்துடலாம்."

"என்னண்ணே?"

"நம்பர் மாறிப்போச்சு. பெட்ரோல் அதிகமா ஊத்துது."

"அதெல்லாம் வந்து பாத்துக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். "பொண்ணு வீட்ல நல்ல நேரம் சொல்லியிருக்காங்க. ஓடுதுல்ல, ஓட்டு."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தட்டில் இருந்த வெற்றிலையைப் பார்த்தேன். அவர் லேப்டாப் பக்கமே திரும்பிக்கொண்டார்.

பெண் வீட்டுத் தெருவில் திரும்பும்போது வேகம் குறைந்ததும் கார் குலுங்கியது. வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். பின்னாலிருந்து கறுப்புப் புகை. வாசலில் ஆலத்தித் தட்டோடு நின்றிருந்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். பெண்ணின் அப்பா கட்டியிருந்த பட்டு வேட்டியில் கரி. கார் நின்றுவிட்டது. அந்த அமைதியில் ஒரு குழந்தை அழுதது.

பெண்ணுக்குத் தாய்மாமா ஒருவர். லோரி வைத்து நடத்துகிறவர். கார் பைத்தியம் பிடித்த பையன்கள் எல்லாம் அவருக்குப் பழக்கம். அவர்தான் முதலில் கிட்டே வந்தார்.

"மாப்பிள்ள காடியிலயே சாம்பிராணி போட்டுக்கிட்டு வந்துட்டாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "யாரு டியூன் பண்ணது?"

மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். என் வீட்டுக்காரர் விரலை நீட்டினார். "இதோ இவன்தான். நம்பிக் குடுத்தோம், மானத்த வாங்கிட்டான்."

"ஒங்க பட்டறை எங்க?" என்று தாய்மாமா கேட்டார்.

இவர் ஆயர் ஈத்தாம் என்றார். இடத்தையும் சொன்னார். "என் தப்புதான் அண்ணே" என்றார்.

"வழியிலயே தெரியலயா?"

"தெரிஞ்சுச்சு. நிறுத்தல. அதுவும் என் தப்புதான்."

சொல்லிக்கொண்டே பானட்டைத் திறந்து அந்தச் சாமானைக் கழற்றினார். உள்ளங்கையில் லேசாகத் தட்டினார். நான் காருக்கு இந்தப் பக்கம் நின்றேன், மற்றவர்கள் அந்தப் பக்கம். கையில் மஞ்சளாக ஒரு பொடிச் சில்லு விழுந்தது. உடனே கையை மூடிக்கொண்டார்.

நான் ஆம்பிளைகள் கூட்டத்தில் பேசியதே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து, வெளியார் முன்னால் என் வீட்டுக்காரர் சொன்னதற்கு மறுவார்த்தை சொன்னதும் இல்லை. அன்றைக்கு எப்படி வந்ததென்று தெரியவில்லை.

"அவர் மேல தப்பு இல்ல" என்றேன். "பூஜையில இவங்க அதுக்குள்ள சந்தனம் வச்சாங்க."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. தாய்மாமா என்னைப் பார்த்தார், பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"என்னா, ஏர்ஃப்ளோவுக்குப் பொட்டு வச்சீங்களா?"

என் வீட்டுக்காரர் முகம் கறுத்துப்போனது. அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. மகன் தரையைப் பார்த்தான். பெண்ணின் அப்பா கரி படிந்த வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே ஜன்னல் திரை அசைந்தது, பெண் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். இந்தச் சம்பந்தம் இங்கேயே முடிந்தது என்று நினைத்தேன். ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்போது இவர் சொன்னார். "அது வேற விசயம் அண்ணே. பெரியவங்க ஆசீர்வாதம் பண்ணாங்க. அத நான் தொடச்சிட்டேன். தொடச்சு, பாத்துட்டுத்தான் மாட்டுனேன். கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டதும் நான்தான். என் கணக்குதான் தப்பு. அக்காவுக்கு வண்டி வெவரம் தெரியாது."

"கேட்டீங்களா, அவனே சொல்றான்" என்றார் என் வீட்டுக்காரர். குரல் பழையபடி வந்துவிட்டது. "இவளுக்கு என்ன தெரியும்."

தாய்மாமா சிரித்து என் வீட்டுக்காரர் தோளைத் தட்டினார். "விடுங்க அண்ணே, நம்ம பசங்க கையில குடுத்திருந்தா இந்த வேலையே இல்ல. உள்ள வாங்க." பெண்ணின் அப்பாவும் சிரித்தார். எல்லோரும் உள்ளே போனார்கள். தட்டு மாற்றினோம். பெண்ணையும் பிடித்திருந்தது.

நான் ஒரு தட்டில் சோறும் கறியும் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். இவர் சாப்பிட உள்ளே வரவே இல்லை. காரின் நிழலில் குந்திக்கொண்டு, ஸ்பார்க் பிளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை எல்லாம் கரி.

"அது சந்தனம்தானே?" என்று கேட்டேன்.

கையிலிருந்த பிளக்கைத் துடைத்து முடித்தார். பிறகு சொன்னார். "ஆமாக்கா. நான் தொடச்சப்ப உள்ள கொஞ்சம் தங்கிப்போச்சு. கம்பில காஞ்சு ஒட்டிக்கிட்டு, காத்தக் குறைச்சுக் குறைச்சு எண்ணுச்சு. அத நம்பி நான் கணக்குப் போட்டேன். வழியில அது உதிர்ந்துடுச்சு. இப்ப சாமான் சரியா எண்ணுது. என் கணக்குதான் பெட்ரோல அதிகமா ஊத்துது. அதான் சொன்னேன், என் கணக்குதான் தப்புன்னு."

"அவங்க முன்னால என்னை ஒண்ணும் தெரியாதவளா ஆக்கிட்டீங்களே."

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அதை அவர் நினைத்தே பார்க்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. பிளக்கைக் கீழே வைத்தார். கை மெல்ல எழுந்து நெஞ்சுக்குப் போனது.

"அது என் தப்புதான்க்கா" என்றார்.

அதைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. தட்டைப் பானட்டின் மேலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

எல்லோர் தப்பையும் எடுத்துக்கொள்ள அவருக்குத் தெரிந்தது. என் வாழ்க்கையில் நான் கூட்டத்தில் சொன்ன ஒரே ஒரு உண்மையையும் அவற்றோடு சேர்த்து எடுத்துக்கொண்டார். அவர் எடுத்துக்கொண்டதால்தான் எனக்கு இப்போது ஒரு மருமகள் இருக்கிறாள், பேரப்பிள்ளை இருக்கிறான். அந்த மறுப்பை அவர் சொன்ன நிமிஷத்தில், கோபத்துக்கு அடியில் எனக்கு ஒரு நிம்மதியும் வந்தது. அதைத்தான் நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

தாய்மாமா பேச்சு பிறை வரைக்கும் போனது. சாம்பிராணி மெக்கானிக் என்று ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். கொட்டகைக்கு வந்து பார்த்துவிட்டுப் போன பையன்கள் திரும்ப வரவில்லை. இவர் என் மகன் காரில் அந்தச் சாமானையே கழற்றிவிட்டு, எஞ்சினுக்குள்ளே காற்றின் அழுத்தத்தைப் பார்க்கிற சின்னதாக ஒன்றை மாட்டினார். அது ஒரு தீப்பெட்டி அளவுதான். ஒரு மெல்லிய குழாய் வழியாகத்தான் காற்றைப் பார்க்குமாம். யாரும் கேட்காமலே கணக்கையெல்லாம் முதலிலிருந்து போட்டார். இன்றுவரை அந்தக் கார் ஒரு தடவைகூட நின்றதில்லை. மகன் அதைச் சொல்லி யாரையும் அவரிடம் அனுப்பியதாக எனக்குத் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு முன்பே கொட்டகையைக் காலி செய்தார். கழுவிப் பெருக்கி, சாவியை என் கையில் கொடுத்தார். "பசியாறிட்டுப் போங்க" என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். ஜொகூர் பக்கம் போனதாகப் பிறகு கேள்வி.

பண்டிகை நாளில் சம்பந்தி வீட்டார் வரும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் அந்தக் கதையை எடுப்பார். நெஞ்சில் தட்டிக்கொண்டு, "என் தப்புதான் அண்ணே, என் தப்புதான்" என்று அவர் மாதிரியே செய்து காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள், மருமகளும் சிரிப்பாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் கோப்பி கலக்க எழுந்து போய்விடுவேன். அடுப்படியில் நிற்கும்போது, சந்தனச் சில்லை மறைத்த அவருடைய அந்த மூடிய கையை நினைத்தால் வெட்கமாக இருக்கும்.

நான் எழுதியதில் வண்டி விஷயம் எத்தனை சரியோ தெரியாது. கம்பி சூடாக இருக்குமா, சந்தனம் காய்ந்து ஒட்டினால் குறைத்து எண்ணுமா, உதிர்ந்தால் புகை வருமா, இதையெல்லாம் வண்டி வேலை தெரிந்தவர்கள் யாராவது ஒரு தடவை பார்த்துச் சரியாகச் சொல்லுங்கள். தவறாக இருந்தால் திருத்திக்கொள்கிறேன். அவரிடம் மட்டும் கேட்க வேண்டாம். கேட்டால், எனக்குச் சரியாகச் சொல்லித் தராதது அவர் தப்பு என்பார்.